நாலு கால் செட்டு

வாசலில் போடப்போகிற தகரச் செட்டுக்குக் கால் ரெண்டா, நாலா என்பதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

வெல்டிங் பட்டறை அருள்பாண்டி டேப்பை நீட்டி வாசலை ரெண்டு தரம் அளந்தார். மேற்குப் பக்கம் உயரமாக நின்ற சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு திருப்தி.

"அருமையான சுவரு தங்கச்சி. இதுல ஆங்கிள் வச்சு போல்ட்ட முடுக்கி, இந்தப் பக்கம் ரெண்டே ரெண்டு காலு ஊனிட்டா சோலி முடிஞ்சது. எந்தக் காத்துக்கும் அசையாது."

ரேணுகா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் புருஷன் யோகராஜ் முந்திக்கொண்டான். "அந்தச் சுவத்துல கை வைக்காத மாப்ளே. நாலு காலு வை. தனியா நிக்கட்டும்."

"ஏன் மாப்ளே, சுவரு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க அண்ணன் சுவரு."

அருள்பாண்டி டேப்பைச் சுருட்டிக்கொண்டார். அவருக்குத் தெரியாதா என்ன? அந்தத் தெருவுக்கே தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பாகம் பிரித்தபோது, உயரமான காரை வீடு மூத்தவன் ராஜாராமுக்குப் போனது. வாசலும், அதன் தெற்கே தாழ்வாக அட்டைக் கூரை போட்ட ரெண்டு அறையும் யோகராஜுக்கு வந்தன. ராஜாராம் வீட்டுச் சுவரில் இந்த வாசலைப் பார்த்தாற்போல ஒரு சன்னல். பிரித்த புதுசில், எல்லார் மனசும் புண்ணாகக் கிடந்த சமயம், ராஜாராமின் பெண்டாட்டி ஜோதி அந்தச் சன்னலில் நின்று ஒரு வார்த்தை சொன்னாள். "ரேணுகா, கொடியில துணி நனையுது பாரு."

அவ்வளவுதான் சொன்னாள். மழை தூறியது, சொன்னாள். அதற்கு ரேணுகா, "எங்க வாசலை நாங்க பாத்துக்கிறோம்க்கா. நீங்க உங்க வீட்டுக்குள்ள பாருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். ஜோதி சன்னல் கதவை இழுத்துச் சாத்திக் கொண்டி போட்டாள். அந்தக் கொண்டிச் சத்தத்தோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஒரு ஈரத் துணிக்கு மூன்று வருஷம்! கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். கூட்டுக்குடும்பத்தில் வாழ்ந்து பிரிந்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

ஆம்பளைகள் அதற்கும் மேல். ராஜாராம் ஜீப் வைத்திருந்தான். காலையில் தெருமுனையிலிருந்து தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்குப் போவான். யோகராஜுக்கும் வேலை மேலே ஏலத் தோட்டத்தில்தான். ஆனாலும் அண்ணன் ஜீப்பில் ஏறமாட்டான். அது போகிறவரைக்கும் டீக்கடையில் முதுகைக் காட்டி நின்றுவிட்டு, அடுத்த ஜீப்பில் ஒற்றைக்கால் வைத்துத் தொங்கிக்கொண்டு போவான். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு.

இதற்கு நடுவில் ரேணுகாவுக்கு என்ன அவசரம் என்று கேட்டால், அவளுக்குத்தான் அவசரம். கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் விஜயராஜிடம் மூட்டை வாங்கி வந்து, ஐந்து பெண்களை வைத்துக் காய் பொறுக்கிக் கொடுக்கிறாள். காம்பு தனி, வெடிச்சது தனி, வெளுத்தது தனி, நல்ல பச்சை தனி. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவள் பேரைச் சொல்லி நடக்கிற ஒரே காரியம் அதுதான். தெருவில் யாராவது "ரேணுகா வீட்டுக்கு வேலைக்குப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு போனால் அவளுக்கு மேலெல்லாம் சிலிர்க்கும். யோகராஜ் வீடு என்று சொல்லாமல் ரேணுகா வீடு என்கிறார்களே!

காய் பொறுக்க நிழலும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். வெயில் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும். வீட்டுக்குள் லைட் போட்டு உட்கார்ந்தால் பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது. போன வருஷம் அவள் வாசலில் பச்சை வலையைக் கட்டி நிழல் செய்தாள். அந்த வலைக்குக் கீழே எல்லாக் காயும் பச்சையாகத்தான் தெரிந்தது. ஆறு பேர் ஒரு வாரம் பொறுக்கின மூட்டையை விஜயராஜ் வெளிச்சத்தில் கொட்டிப் பார்த்தார். பாதி மஞ்சள். மனுஷன் கத்தவில்லை. மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த ஆனியில் ரேணுகா மறுபடி கேட்கப் போனபோது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"இந்த வருசம் ஆடி அஞ்சாந்தேதி வந்து பாப்பேன்மா. நிக்கிற மாதிரி ஒரு செட்டு இருந்தா சீசன் முழுக்க லோடு உனக்கு. இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன். வருத்தப்படக் கூடாது."

ஆக, செட்டு வேண்டும். சுவரில் சேர்க்காமல் வேண்டும். அதிலும் ஆடி பிறப்பதற்குள் வேண்டும்.

அருள்பாண்டி தலையைச் சொறிந்தார். "சுவத்தோட சேந்ததுன்னா சுவரு தாங்கிக்கும். தனியா நிக்கிறதுக்கு அதோட காலுதான் கதி. குழி ஆழமா வேணும், கான்கிரீட்டு நல்லா இறுகணும். ஏழு நாளாவது தண்ணி ஊத்திட்டுத்தான் தகரம் ஏத்தணும்."

அன்றைக்கு ஆனி இருபத்தொன்பது. ஏழு நாள் என்றால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் கூரை ஏற்றுவார்களா யாராவது?

"முடியாதுண்ணே," என்றாள் ரேணுகா. "ஆடியில கூரை ஏத்துனா தொழில் விளங்குமா? ஆனிக்குள்ள வெரசா முடிச்சுருங்க."

"கான்கிரீட்டுக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாது தங்கச்சி."

"நீங்க ஏத்துவீங்களா, உங்க வீட்டுக் கூரையை, ஆடியில?"

அருள்பாண்டி யோசித்துப் பார்த்தார். மாட்டார்தான். பெரிதாகப் பேசினாரே தவிர, அவருக்கும் அடிமனசில் அந்தப் பயம் உண்டு. அதனால் மறுநாள் குழி வெட்டிக் கால் நட்டார். அதற்கு மறுநாள், ஆனி கடைசி, பொழுது சாய்வதற்குள் வெள்ளைத் தகரம் ஏறிவிட்டது. குழிக் கான்கிரீட்டு மேலே காய்ந்த மாதிரி இருந்தது. உள்ளே இன்னும் களிதான்.

செட்டுக்கும் ராஜாராம் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. யோகராஜ் அந்த இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்து, "தொடல. நல்லது" என்றான். தொடாமல் இருப்பதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற மனுஷனை ரேணுகா பார்த்ததே இல்லை.

ஆடி ரெண்டாந்தேதி விஜயராஜ் சோதனைக்கு ரெண்டு மூட்டை அனுப்பினார். பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒச்சம்மாள்தான் அவர்களில் மூத்தவள். கை ஒரு பக்கம் பொறுக்கும், வாய் ஒரு பக்கம் ஊர்க்கதை பேசும். அவள் அண்ணாந்து பார்த்து, "என்னா வெளிச்சம்! தாலி கட்டுன மண்டபத்துல கூட எனக்கு இம்புட்டு வெளிச்சம் இல்லடி. இருந்திருந்தா மாப்பிள்ளை மூஞ்சியை நல்லாப் பாத்திருப்பேன், தப்பிச்சிருப்பேன்" என்றாள். எல்லாரும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ரேணுகாவுக்கு மனசு நிறைந்திருந்தது.

நாலாந்தேதி மத்தியானம் காற்று வந்தது.

போடிக்காரர்களுக்கு ஆடிக்காற்று புதுசில்லை. மலை இறங்கி வரும், மண்ணை வாரி இறைக்கும், போகும். அன்றைக்கு வந்தது வேறு மாதிரி. மேற்கே இருந்து வந்த காற்று ராஜாராம் வீட்டு மூலையில் திரும்பி, செட்டுக்கு அடியில் நுழைந்து, தகரத்தை மேலே தூக்கியது. ஒரு தூக்கு. அப்புறம் இன்னொரு தூக்கு. சுவர் ஓரத்துக் கால் ரெண்டும் குழியோடு ஆடின. கான்கிரீட்டு விரிந்து, வெந்தும் வேகாத இட்லி மாதிரி பிளந்தது.

"ஏ ஆத்தா! செட்டு கிளம்பிருச்சுடி!" என்று ஒச்சம்மாள் அலறிக்கொண்டே எழுந்து ஒரு காலைக் கட்டிப்பிடித்தாள். பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்த ஜக்கம்மாள் இன்னொரு காலைப் பிடித்தாள். மற்ற மூன்று பேரும் காயை அள்ளி மூட்டைக்குள் திணித்தார்கள். முறங்கள் தெருவுக்குப் பறந்தன. ரேணுகா துள்ளிப் பிடித்துக் குறுக்குச் சட்டத்தில் தொங்கினாள். அவளையும் சேர்த்து ஒரு சாண் தூக்கி இறக்கியது காற்று. தகரம் பிய்த்துக்கொண்டு போனால் கத்தி மாதிரி. யார் கழுத்தில் விழும் என்று சொல்ல முடியாது. விட்டால் செட்டு போகும், ரெண்டு மூட்டைக் காய் சாக்கடையில் போகும், நாளைக்கு விஜயராஜ் வந்து வெறும் வாசலைப் பார்ப்பார். விடாவிட்டால்? எத்தனை நேரத்துக்கு ஒரு மனுஷி இரும்பில் தொங்குவாள்?

"ஐயோ, யாராச்சும் வாங்களேன்!" என்று கத்தினாள். யார் வருவார்கள்? அந்த நேரத்துக்குத் தெரு ஆம்பளைகள் எல்லாரும் மலைமேலே.

அப்போது சுவரில் கொண்டி கழன்ற சத்தம் கேட்டது.

மூன்று வருஷமாகச் சாத்திக் கிடந்த சன்னல் ஒரு குத்தில் திறந்தது. உள்ளே ஜோதி. கையில் ஜீப்பில் லோடு கட்டுகிற பெரிய கயிறு.

"ரேணுகா! இந்தா பிடி!"

கம்பி வழியாகக் கயிறு பாய்ந்து வந்து ரேணுகா தோளில் விழுந்தது. அவள் சட்டத்திலிருந்து இறங்கிக் கயிற்றை எடுத்தாள்.

"சட்டத்துக்கு மேல போடு. ரெண்டு சுத்து. அடிவழியா எடு. ஏய், அப்படி இல்லடி, அடிவழியா! இப்ப என்கிட்ட கொண்டா!"

ஜீப்புக்காரன் பெண்டாட்டிக்கு முடிச்சு தெரியாமல் இருக்குமா? கயிற்றைச் சன்னல் கம்பியில் வளைத்து, சுவரில் கால் ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தாள். இந்தப் பக்கம் ரேணுகா இழுத்தாள். ஒச்சம்மாளும் வந்து அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். காற்று தகரத்தைத் தூக்கும்போதெல்லாம் கயிறு விறைத்துக்கொண்டு கீழே பிடித்தது. அடுத்த காலுக்கும் அதே கயிற்றை ஓட்டிக் கட்டினார்கள். சன்னல் கம்பி முனகியது. சுவர் அசையவில்லை. ஐம்பது வருஷத்துச் சுவர் அது, இந்தக் காற்றைப் போல எத்தனையோ பார்த்திருக்கும்.

கால் மணி நேரத்தில் காற்று ஓய்ந்தது. சின்னத் தூறல் விழுந்தது. செட்டு ஒரு பக்கம் சாய்ந்து, ஆனாலும் நின்றது. காய் நனையவில்லை.

ரேணுகாவின் உள்ளங்கை கயிறு அறுத்துச் சிவந்திருந்தது. சன்னலைப் பார்த்தாள். ஜோதியும் மூச்சு வாங்கிக்கொண்டு இவளைப் பார்த்தாள். ரேணுகாவின் தலைப் பிரசவத்தில் நாற்பது நாள் அவளைக் குளிப்பாட்டிவிட்ட கை அது. அக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குள் ஜோதி முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னல் கதவை இழுத்தாள்.

கதவு வரவில்லை. நடுவில் கயிறு. கயிற்றை அவிழ்த்தால்தான் சன்னலைச் சாத்த முடியும். அவிழ்த்தால் செட்டு விழும். ஜோதி ரெண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் ராஜாராம் மலையிலிருந்து இறங்கிய சத்தமும், "ஏம்மா, லோடு கயிறு எங்க?" என்று கேட்ட சத்தமும் சன்னல் வழியாக வாசலுக்கு நன்றாகக் கேட்டன.

"அது வேலையில இருக்கு. வேற கயிறு வாங்கிக்கங்க," என்றாள் ஜோதி.

கொஞ்ச நேரத்தில் யோகராஜ் வந்தான். வாசலைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், திறந்திருந்த சன்னலைப் பார்த்தான். மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யாரைக் கேட்டு அவன் சன்னல்ல கட்டுன? தனியா நிக்கணும்னுதானே நாலு காலு வச்சோம்?" என்றவன், இடுப்பிலிருந்த தோட்டத்துக் கத்தியை உருவினான்.

ரேணுகா கயிற்றுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அறுங்க பாப்போம். கயித்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி என் மேல வைங்க."

"ஏய், நகரு."

"நகரமாட்டேன். சுவரு அவங்களுது, வாசலு நம்மளுதுன்னு மூணு வருசமா பேசுனீங்களே, இன்னைக்கு நான் செத்திருந்தா எந்தப் பக்கத்துல போட்டிருப்பீங்க? சன்னலைத் திறந்து கயித்தைப் போட்டது அக்கா." குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "அன்னைக்கும் அவங்க தப்பா ஒண்ணும் சொல்லல. துணி நனையுதுன்னுதான் சொன்னாங்க. நான்தான் வாய்த்துடுக்கா பேசுனேன். உங்ககிட்ட அவங்க சண்டைக்கு வந்தாங்கன்னு மாத்திச் சொன்னேன். நீங்களும் அதை நம்பிட்டு அண்ணனை முறைச்சுக்கிட்டீங்க. எல்லாம் என்னாலதான். போதுமா?"

யோகராஜ் கத்தியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். மூன்று வருஷமாக அடுத்த ஜீப்பில் தொங்கிக்கொண்டு போனது இதற்காகவா என்று அவன் முகம் கேட்டது. கத்தியை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

அப்போதுதான் ரேணுகாவுக்கு உறைத்தது. சன்னல் திறந்து கிடக்கிறது. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் எப்போதோ நின்றிருந்தது. சொன்னது அத்தனையும் ஜோதி காதில் விழுந்திருக்கும். வெட்கமாக இருந்தது. கூடவே நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரியும் இருந்தது.

மறுநாள் காலையில், சொன்னது சொன்னபடி, விஜயராஜ் வந்தார். பின்னாலேயே ஆட்டோவில் எட்டு மூட்டை. அவர் செட்டுக்கு அடியில் போகாமல் தெருவிலேயே நின்று பார்த்தார். ஒரு பக்கம் சாய்ந்த கால், பிளந்த கான்கிரீட்டு, அடுத்த வீட்டுச் சன்னலில் கட்டின கயிறு.

"என்னம்மா இது, செட்டா, ஊஞ்சலா?"

"நேத்துக் காத்துல..." என்று ரேணுகா இழுத்தாள்.

"காத்து இன்னும் ஒரு மாசம் அடிக்கும்மா. கயித்தை நம்பியா நான் லோடு இறக்குறது? அது யாரு சன்னல்? உனக்கும் அவங்களுக்கும் ஆகாதுன்னு கடைவீதி வரைக்கும் தெரியும். நாளைக்கு அவங்க கோவத்துல அவுத்துவிட்டா என் காய் என்ன ஆகும்?"

நியாயமான கேள்வி. ஆட்டோக்காரன் வண்டியைத் திருப்பட்டுமா என்கிற மாதிரி அவரைப் பார்த்தான். சீசன் போச்சு, வேலை போச்சு, ரேணுகா வீடு என்கிற பேரும் போச்சு என்று அவள் தரையைப் பார்த்து நின்றாள்.

"யாரும் அவுக்கமாட்டாங்க."

சன்னலில் ஜோதி நின்றாள். தலைமுடியைக்கூட இன்னும் அள்ளி முடியவில்லை.

"கயிறு எங்க வீட்டு ஜீப்புக் கயிறு. ரெண்டாள் பாரத்தை இல்ல, ரெண்டு டன்னு பாரத்தை இழுத்தது. சுவரு நம்ம சுவரு. காலு இறுகுற வரைக்கும் சன்னல் இப்படியேதான் இருக்கும். நீங்க லோடை இறக்குங்க."

விஜயராஜ் ஜோதியைப் பார்த்தார், ரேணுகாவைப் பார்த்தார். ரேணுகா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சரி, இறக்குப்பா" என்றார் ஆட்டோக்காரனிடம்.

அன்றைக்கே அருள்பாண்டி வந்து, கயிறு பிடித்திருக்கும்போதே குழியை ஆழமாகத் தோண்டி, காலை நிமிர்த்தி, புதுசாகக் கான்கிரீட்டு போட்டார். "இருபத்தோரு நாளு. யாராச்சும் கயித்தைத் தொட்டீங்க, நான் மனுசனா இருக்கமாட்டேன்" என்று மிரட்டினார். ஆடியில் இந்த வேலை செய்யலாமா என்று ரேணுகா மெதுவாகக் கேட்டாள்.

"காலு ஊனுனது ஆனியிலடி," என்றாள் ஒச்சம்மாள் முறத்தைப் புடைத்துக்கொண்டே. "தொடங்குறதுதான் ஆடியில கூடாது. தொடங்குன வேலையை முடிக்கலாம். தகரத்தையே ஆடியில ஏத்தியிருக்கலாம்."

அருள்பாண்டி சிமெண்டுக் கரண்டியைக் கீழே போட்டார். "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன ஆத்தா?"

"எங்கிட்ட யாரு கேட்டா?"

இருபத்தோரு நாளும் சன்னல் திறந்திருந்தது. முதல் நாலைந்து நாள் ரெண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்க்காத மாதிரியே நடந்துகொண்டார்கள். ஆனால் ஒரே வெளிச்சத்தில் எத்தனை நாள் பார்க்காமல் இருக்க முடியும்? உள்ளே குழம்பு தாளிக்கிற வாசம் வாசலுக்கு வந்தது, வாசலில் ஏலக்காய் வாசம் உள்ளே போனது. ஒச்சம்மாள் ஊர்க்கதைக்கு நடுவில் உள்ளேயிருந்து அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு வந்தது. ரேணுகாவும் ஜோதியும் பேசிக்கொண்டது அதிகமில்லை. கயிறு தளர்ந்திருக்கா என்று ஒருத்தி கேட்பாள், இல்லக்கா என்று மற்றவள் சொல்வாள். யோகராஜ் ஒரு நாள் காலையில் டீக்கடையில் முதுகைக் காட்டி நிற்காமல் நேராகப் போய் அண்ணன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தானாம். ராஜாராம் பக்கத்திலிருந்த சாக்கைத் தள்ளி இடம் விட்டானாம். ஆம்பளைகள் சமாதானம் அவ்வளவுதான்.

ஆடி இருபத்தாறு. அருள்பாண்டி வந்து நாலு காலையும் உலுக்கிப் பார்த்தார். தோளால் முட்டிப் பார்த்தார். "இனி இதுக்கு யாரு தயவும் வேணாம். அவுத்துரலாம்" என்றார்.

ரேணுகா கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப் போயிருந்தது, நகம் உடைந்தது. ஒழுங்காகச் சுற்றி, சன்னல் கம்பி வழியாக நீட்டினாள். "அக்கா, கயிறு."

ஜோதி வாங்கிக்கொண்டாள். கயிறு இல்லாத சன்னல். இனி சாத்துவதற்குத் தடை ஒன்றும் இல்லை. கால் இறுகுகிற வரைக்கும்தான் என்று அவளே சொல்லியிருக்கிறாளே. ஜோதியின் கை சன்னல் கதவுக்குப் போவதை ரேணுகா பார்த்தாள். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. திரும்பிக்கொண்டு, கீழே கிடந்த முறத்தை எடுத்துக் காயே இல்லாமல் புடைத்தாள். இப்போது கொண்டிச் சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

வெளியே தூறல் ஆரம்பித்தது. தகரத்தில் சடசடவென்று சத்தம்.

"ரேணுகா."

"என்னக்கா?"

"கொடியில துணி நனையுது பாரு."

ரேணுகா முறத்தைப் போட்டுவிட்டு மழையில் ஓடினாள். "இந்தா, எடுத்துட்டேன்க்கா, எடுத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு துணியாக உருவினாள். நனைந்த துணியை மார்போடு அணைத்து, அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே அழுதாள்.

"அழுகாம உள்ள வா, நனையாத," என்றாள் ஜோதி சன்னலிலிருந்து.